அட்ராக்டாவின் மூன்றாவது பெட்டி

தேனைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் தேனீயின் பின்பக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் குவாரித் தெருவில் வேறு பேச்சே கிடையாது. தேனீ சுத்தக்காரி. தன் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. குளிர்காலம் முழுக்கப் பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வயிற்றை இறுக்கிப் பிடித்துக் காத்திருக்கும். மழை நின்று வெயில் எட்டிப் பார்க்கும் முதல் நாளில் மொத்தக் கூட்டமும் வெளியே கிளம்பி, இத்தனை நாள் அடக்கியதைப் பறந்துகொண்டே இறக்கிவிடும். கடுகை அரைத்துத் தெளித்த மாதிரி மஞ்சள் மஞ்சளாக விழும். துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது.

எப்போதும் மழை பெய்கிற எங்கள் லீட்ரிமில் வெயில் எட்டிப் பார்க்கும் முதல் நாளில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? துணி துவைத்துக் கொடியில் போடுவார்கள். இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் இன்றைக்குத் துணி காயுமா என்றுதான் விசாரிப்போம். "இன்னைக்கு நல்லா காயும்" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், தெரு முழுக்க எல்லா வீட்டிலும் இயந்திரம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆக, தேனீயும் நாங்களும் ஒரே நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்போம்.

என் பெயர் நோனி. எனக்கு இடது பக்கத்து வீடு அட்ராக்டா டான்சியுடையது. அங்கே தேன்பெட்டிகள், ஒரு கொட்டகை நிறையக் கோழிகள், வாசலில் அவள் ஓட்டுகிற பள்ளிக்கூடப் பஸ். வலது பக்கத்து வீடு டிம்ப்னா காஃப்னியுடையது. கோயில் பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பவள் அவள். நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இருவரும் சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அதனால்தான் இவ்வளவு சண்டை. முன்பின் தெரியாதவர்களோடு யார் இத்தனை வருஷம் மெனக்கெட்டுச் சண்டை போடுவார்கள்.

அட்ராக்டாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வாட்டசாட்டமான ஆள். ஒன்றைச் செய் என்று யாராவது சொன்னால் செய்யமாட்டாள், அது அவளுக்கு நல்லதாகவே இருந்தாலும். இடது கையால் எழுதாதே என்று மடத்துச் சிஸ்டர்கள் அடித்தார்கள். இன்றைக்கும் இடது கைதான். கடல் கடந்து கவென்ட்ரிக்குப் போகாதே என்றார் அப்பா. போனாள். அங்கேயே இருந்துவிடு என்றான் அண்ணன். திரும்பி வந்தாள். பேட்ஸி என்று ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த மனிதர் ஒரு நாள், நானா இந்தக் கோழிகளா, ஒரு முடிவுக்கு வா என்று கேட்டாராம். "முட்டை போடறது யாருன்னு யோசிச்சுப் பார்த்தேன்" என்பாள் அட்ராக்டா. பேட்ஸி இப்போது ராஸ்காமனில் தங்கை வீட்டில் இருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார்.

தேனீ அவளிடம் வந்த கதையும் அப்படித்தான். ஒரு ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் நின்ற பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் ஒரு கூட்டம் வந்து அப்பிக்கொண்டது. யாரும் தொடாதீர்கள், தெரிந்தவர்களைக் கூப்பிடலாம் என்றார் தலைமையாசிரியர். அவர் தொடாதே என்று சொன்னதுதான் வினை. கால்பந்துகள் போட்டுவைக்கும் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்து, கூட்டத்தை அதில் உதறிப் போட்டுக்கொண்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் அன்றைக்கு நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். பெற்றோர்கள் திரண்டு வந்து சத்தம் போட்டபோது, "அதுங்களுக்குக் கால் இருக்குல்ல" என்றாள். அந்த ஒரு கூட்டம்தான் பிறகு மூன்று பெட்டியானது.

நான் சொல்ல வந்தது அந்த மோசமான வசந்தத்தைப் பற்றி. பிப்ரவரி முதல் தேதி, பிரிஜித் திருநாளன்று பிடித்த மழை. அன்றிலிருந்து வசந்தம் என்று கணக்கு வைத்திருக்கிறோமே, எந்த மடையன் வைத்தானோ தெரியாது. சாக்கடை நிரம்பி, தோட்டம் சேறாகி, வெள்ளைச் சுவர் எல்லாம் பச்சையாகிவிட்டது. போதாததற்குப் பறவைக் காய்ச்சல் என்று சொல்லி, கோழி வைத்திருப்பவர்கள் எல்லாரும் உள்ளேயே அடைத்து வைக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அட்ராக்டா நான்கு நாள் திட்டினாள். ஐந்தாம் நாள் கரிக் கொட்டகையைக் காலி செய்து, முன்னால் வலை அடித்து, மேலே தகரம் போட்டுக் கோழிகளை அடைத்தாள். சொன்னவர்களுக்காக இல்லை, கோழிக்காக என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

வேலை இல்லாத கோழி பக்கத்துக் கோழியைக் கொத்தும். தினமும் ஒன்று பின்னால் ரத்தம் வழிய நிற்கும். கொட்டகைக் கூரையிலிருந்து முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள், எகிறி எகிறிக் கொத்திக்கொண்டு பொழுது போகட்டும் என்று. வைக்கோல் ஈரமாகி நாறும். அதை வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவாள். காலில் செதில் நோய் பிடித்த இரண்டு பெட்டைகளைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் வைத்து வாஸலின் தடவினாள். நான் டீ குடிக்கப் போனால் நாற்காலியில் ஒரு கோழி உட்கார்ந்திருக்கும். "அவ முதல்ல வந்துட்டா" என்பாள் அட்ராக்டா, என்னை நிற்கவைத்தே டீ கொடுப்பாள்.

கோழியை அடைக்கலாம், திறக்கலாம், மடியில் போட்டுத் தடவலாம். தேனீயை ஒன்றும் செய்ய முடியாது. குளிரில் பெட்டியைத் திறந்தால் அதுவே அதைக் கொன்றுவிடும். சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, வில்லையாக்கி மூடிக்குக் கீழே வைத்தாள். பழைய கோட்டைப் பெட்டிக்குப் போர்த்திக் கட்டினாள். ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பெட்டி வாசலில் நுழைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, மழையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து கேட்பாள். மார்ச்சில், பாட்ரிக் திருநாளுக்கு முந்தின வாரம் முதல் பெட்டியில் சத்தம் இல்லை. இரண்டு நாள் கழித்து இரண்டாவதிலும் இல்லை. திறந்து காட்டினாள். ஈரமான கறுப்புக் குவியல், ஒரு கை நிறைய இருக்கும். பாதிக்கு மேல் தேனடையின் கண்ணறைக்குள் தலையை விட்டுக்கொண்டே செத்திருந்தன. அவள் அழவில்லை. இரண்டு பெட்டியையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து, கை சிவந்து போகும்வரை தேய்த்தாள்.

மூன்றாவது பெட்டிதான் மிச்சம். அதில் மட்டும் சத்தம் இருந்தது. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் பிறந்தபோது அதன் முன்பலகையில் ஒரே ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அடக்க முடியாத ஏதோ ஒரு தேனீ வாசல் வரை வந்து அங்கேயே போயிருக்கிறது. அட்ராக்டா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிய வியாழன் மத்தியானச் செய்தியில் சொன்னார்கள்: சனிக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரை மழை இல்லை, வெயில் உண்டு, அதற்குப் பிறகு மறுபடி ஒரு வாரம் மழை. செய்தி முடிவதற்குள் டிம்ப்னா தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, என் தோட்டத்தின் நடுவே நடந்து போய், அட்ராக்டாவின் சுவரருகே நின்றாள்.

டிம்ப்னாவுக்கும் ஒரு பயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு விரிக்கிற பெரிய பீடத் துணி லினன், கரையெல்லாம் மடத்துச் சிஸ்டர்கள் கையால் போட்ட லேஸ். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் லேஸ் கிழியும். வீட்டுக்குள் காயப்போட்டால் அடுப்புப் புகையில் பழுப்பேறும். வெளிக்காற்றுதான் வேண்டும். கோயில் கமிட்டித் தலைவன் ஃபின்டன் ஃபாலன் ஏற்கெனவே பிளாஸ்டிக் கலந்த துணி ஒன்றை வாங்கிப் பாக்கெட்டோடு வைத்திருந்தான். கறை படியாது, துடைத்தால் போதும், துவைக்க ஆளே தேவையில்லை. லினன் சனிக்கிழமைக்குள் தயாராகாவிட்டால் இதுதான், இனி எப்போதும் இதுதான் என்று சொல்லியிருந்தான்.

"சனிக்கிழமை உன் ஈக்களை அடைச்சு வை" என்றாள் டிம்ப்னா.

"எந்த ஈ?" வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள் அட்ராக்டா.

"நான் நல்லபடியா கேக்கறேன். காலையில போட்டா மத்தியானம் காஞ்சிடும். எடுத்ததுக்கு அப்புறம் திறந்து விடு. உன்னை யார் கேக்கப் போறா?"

"அப்புறம் மழை."

"இன்னும் ஒரு வாரம் பொறுக்காதா?"

"பிப்ரவரியிலேர்ந்து அடக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. நீ ஒரு பூசை முடியறதுக்குள்ள ரெண்டு வாட்டி எழுந்து ஓடறவ. உனக்குத் தெரியணும் அந்தக் கஷ்டம்."

நான் சிரித்துவிட்டேன். டிம்ப்னா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் இல்லாத களையைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"அட்ராக்டா, அது ஆண்டவரோட பீடம்."

"அந்தப் பீடத்துக்குப் பக்கத்துல ஆள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி நிறுத்துவீங்களே, அது எங்கேர்ந்து வருது? மெழுகு வேணும், தேன் வேணும், இது மட்டும் வேணாமா? எல்லாம் ஒரே பூச்சிதாண்டி."

"அப்போ பெட்டியைத் தூக்கிட்டுப் போய் வேற எங்கயாவது வை."

"வச்சா? தேனீ தன் வாசலைப் பார்த்து வச்சிருக்கும். பக்கத்துல எங்க கொண்டுபோய் வச்சாலும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். வீட்டைக் காணோம்னு தரையில விழுந்து சாகும். உனக்கு ஒரு துணி. எனக்கு இருக்கிறதே இது ஒண்ணுதான்."

டிம்ப்னா அந்தப் பெட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். ஆனால் அவளும் இறங்கி வருகிறவள் இல்லை. "சரி, கேட்டுக்கோ. அந்தத் துணியில ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு விழுந்துதுன்னா, ஈஸ்டர் முடிஞ்சதும் கவுன்சில் ஆபீஸ்ல போய் நிப்பேன். உன் கோழியும் போகும், ஈயும் போகும்."

"போய் நில்லு. அங்க நாற்காலி கூட இருக்கு, உக்காந்துக்கோ."

எங்கள் வீடுகள் எல்லாம் கவுன்சிலுக்குச் சொந்தம். அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால் எதையும் வளர்க்க முடியாது. டிம்ப்னா நினைத்தால் செய்துவிடலாம் என்பது அட்ராக்டாவுக்கும் தெரியும். வாளியோடு உள்ளே போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

பெரிய வெள்ளியன்று இடுகிற முட்டைக்கு எங்கள் பக்கத்தில் மரியாதை அதிகம். பென்சிலால் சிலுவை போட்டு வைத்து ஈஸ்டர் காலையில் சாப்பிடுவோம். கோயில் பக்கமே போகாத அட்ராக்டாவும் அதை மட்டும் விடமாட்டாள். அன்றைக்கும் கொட்டகையிலிருந்து எடுத்த முட்டைகளில் இடது கையால் சிலுவை போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். டிம்ப்னா வீட்டுக்கும் இருந்தது.

"இவளுக்குமா?" என்றேன்.

"கோழிக்கு அவமேல என்ன கோபம்."

பிறகு என்னைப் பெட்டிக்கு அழைத்துப் போய் ரப்பர் குழாயை என் காதில் வைத்தாள். ரொம்ப தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுவது போல மெல்லிய சத்தம். அவள் முகத்தைப் பார்த்தேன். தூங்கியே பல நாள் ஆகியிருக்கும் போல.

"நாளைக்கு வெளிய போகலைன்னா உள்ளேயே போயிடும், நோனி. ஒண்ணு போனா எல்லாம் போகும். அப்புறம் ஒரு வாரத்துல இதுவும் கொதிதண்ணியில தேய்க்கிற பெட்டிதான்." குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு. அவகிட்ட சொல்லிடாத."

"அப்போ நாளைக்கு அடைக்கப் போறதில்ல?"

"அடைச்சு வைன்னு அவ சொன்னாளே."

"அதனால?"

"அதனால அடைக்கமாட்டேன்."

இதற்கு மேல் அவளிடம் என்ன பேசுவது. நான் முட்டையைக் கொண்டுபோய் டிம்ப்னாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, சிலுவையைப் பார்த்து, "கோணலா போட்டிருக்கா" என்றாள். பத்திரமாகக் கிண்ணத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. விடுமுறையில் பஸ் எதற்கு என்று நினைத்தேன், கோழித் தீவனத்துக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு டிம்ப்னாவின் காரும் போனது. அதன் பின்சீட்டில் மூடி போட்ட துணிக்கூடை இருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இவள் எங்கே போகிறாள் ஈரத் துணியோடு என்று யோசிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. உண்மையான வெயில். நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். தெருவே ஓடியது.

மத்தியானத்துக்குள் துணி காய்ந்துவிட்டது. எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. பக்கத்து வீடுகளிலும் இல்லை. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டியவள் நான், சந்தோஷப்படவில்லை. சுவர் மேல் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகக் காய்ந்த மண்தான் தெரிந்தது. அதுவும் செத்துவிட்டது, யாரும் பார்க்கக் கூடாதென்று எங்கேயோ கொண்டுபோய்க் கொளுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பூ அலங்காரத்துக்குக் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. மனமில்லாமல் போனேன்.

கோயிலுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் கன்னியர் மடம். அதன் தோட்டத்தைச் சுற்றி உயரமான சுவர். ஒரு பாதியில் சிஸ்டர்கள் அந்தக் காலத்தில் துணி காயப்போட்ட புல்தரை, இரும்புக் கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. மறுபாதியில் ஆப்பிள் மரங்களும் ஒரு பெரிய வில்லோ மரமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதில் ஒரு கதவு. நான் லில்லிப் பூக்களுக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது அங்கேயிருந்து டிம்ப்னாவின் குரல் கேட்டது. கத்தவில்லை. "ஐயோ, ஐயோ" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்தப் பழைய கம்பங்களுக்கு நடுவே பீடத் துணி விரிந்து தொங்கியது. அதன் மேல், லேஸில், நட்டநடுவில், எங்கும் மஞ்சள் பொட்டு. டிம்ப்னா அதற்குக் கீழே நின்றிருந்தாள். அவள் ஸ்கார்ஃபிலும் பொட்டு. தலைக்கு மேல் தேனீக்கள் வெயிலில் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. அப்போது தடுப்புக் கதவு திறந்து, கழுத்தில் ரப்பர் குழாயோடு அட்ராக்டா வந்து நின்றாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. எங்களைப் பார்த்ததும் அது அப்படியே நின்றது.

என் கையில் ஒரு மஞ்சள் பொட்டு விழுந்தது. நான் துடைக்கவில்லை.

"நீ இங்க என்னடி பண்றே?" என்றாள் அட்ராக்டா.

"நான் கேக்கணும் அதை. உன்னை நம்ப முடியாதுன்னு நான் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"உனக்குப் பயந்து ஓடறேன்னு நீ சிரிக்கறதுக்கா? நீ ஏன் சொல்லல?"

அட்ராக்டா தரையைப் பார்த்தாள். "நீ தூக்கிட்டுப் போன்னு சொன்னே. நான் தூக்கிட்டுப் போனா, நீ சொல்லித்தான் போனேன்னு ஆயிடும்."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்த ஊரில் பிறந்தவர்களால் மட்டும்தான் இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, அதை உயிர் போனாலும் வெளியே சொல்லாமல், ஒரே சுவருக்குள் வந்து மோதிக்கொள்ள முடியும்.

டிம்ப்னா மெதுவாகக் கேட்டாள். "மாத்தினா செத்துடும்னியே."

"மத்த நேரம்னா செத்துடும். இத்தனை வாரம் அடைஞ்சு கிடந்ததால பழைய வாசல் மறந்திருக்கலாம், புதுசா பார்த்து வச்சுக்கலாம். நிச்சயமில்ல. ஆட்டம் தாங்காம வழியிலேயே போயிருக்கவும் கூடும். முன்சீட்டுல வச்சு பெல்ட் போட்டு, நடக்கற வேகத்துல ஓட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் வாந்தி வர்ற மாதிரி இருந்தது எனக்கு."

"என் துணிக்காகவா?"

"துணிக்காக இல்ல. உன் வாய்க்காக."

டிம்ப்னா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அண்ணாந்து, பறப்பவற்றை முதல் தடவையாக நின்று பார்த்தாள். வில்லோ பூத்திருந்தது. சில அதற்குள் மரத்துக்குப் போய், மஞ்சள் பொடியைக் காலில் ஒட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. "நிறைய இருக்குதே" என்றாள்.

"இருக்கு" என்றாள் அட்ராக்டா. குரல் உடைந்துவிட்டது. மறைக்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபின்டன் ஃபாலன் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். துணியைப் பார்த்தான், மேலே பார்த்தான், கதவு வழியே ஆப்பிள் மரத்தடியில் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"இது கோயில் நிலம். இங்க யார் பெட்டி வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் வச்சேன்" என்றாள் அட்ராக்டா.

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க. டிம்ப்னா, நீங்க அதை இறக்கிடுங்க. எப்படியும் இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சுதான் நான் இதை வாங்கி வச்சேன்." பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"திரும்பக் கொண்டுபோக முடியாது" என்றாள் அட்ராக்டா. இப்போது அவள் முகத்தில் சண்டை இல்லை, பயம்தான் இருந்தது. "இப்பத்தான் இந்த இடத்தைப் பார்த்து வச்சிருக்கு. திருப்பி எடுத்துட்டுப் போனா எல்லாம் இங்கயே வந்து தேடும். ஃபின்டன், செத்துடும்."

"அது உங்க பிரச்சினை."

அட்ராக்டா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். பேசியது டிம்ப்னா.

"பாக்கெட்டை மூடு."

"என்ன?"

"மூடுன்னேன். சின்ன வயசுல அவ பஸ்ல தினமும் வாந்தி எடுத்துட்டு, அவளையே துடைக்க வச்சவன் நீ. எல்லாம் சுத்தமா இருக்கணும்னு இப்ப என்கிட்ட வந்து சொல்றியா." கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியைக் கைமேல் மடித்துக்கொண்டாள். "துணி துவைச்சாச்சு, காஞ்சாச்சு. தேய்ச்சு விரிக்கப் போறேன்."

"இந்தக் கறையோடயா? ஜனங்க என்ன கேப்பாங்க?"

"கேட்டா, மெழுகுவர்த்தியைப் பண்ணினவங்கதான் இதையும் பண்ணினாங்கன்னு சொல்லு. அதை ஏத்திக் கும்பிடறீங்கள்ல, இதையும் பார்த்துட்டுப் போங்க." கதவைக் கடந்து போகும்போது பெட்டியைக் கைகாட்டினாள். "அது அங்கயே இருக்கும். இந்தத் தோட்டத்துல துணி காயப்போடறவ நான். எனக்கு ஆட்சேபம் இல்ல. வேற யாருக்கு இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு இல்ல" என்றேன். ஃபின்டனின் தோளில் ஒன்று விழுந்தது. அவன் பாக்கெட்டால் தலையை மூடிக்கொண்டு போய்விட்டான்.

சனி இரவுப் பூசைக்கு நான் போகவில்லை. ஈஸ்டர் காலையில் போனேன், கொட்டும் மழையில். பீடத்தில் அந்தத் துணி, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். திருப்பிப் போட்டிருந்தால் பொட்டுகள் பின்பக்கம் போயிருக்கும். டிம்ப்னா வேண்டுமென்றே முன்பக்கம் வரும்படி விரித்திருந்தாள். பக்கத்தில் பெரிய மெழுகுவர்த்தி எரிந்தது. முன்வரிசையில் அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தவர்களையெல்லாம் திருப்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்து நான் குடையை விரித்தபோது அவள் மடத்துத் தோட்டத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஈஸ்டருக்கு என்று வைத்திருக்கும் நல்ல கோட்டோடு சேற்றில் நடந்தாள். நானும் பின்னால் போனேன், விடுவேனா. அட்ராக்டா ஆப்பிள் மரத்தடியில் முழங்கால் போட்டு, குழாயைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். டிம்ப்னா கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை.

"உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"முட்டை நல்லா இருந்தது."

"தெரியும்."

டிம்ப்னா கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "அடுத்த வெயிலுக்குச் சின்னத் துணியெல்லாம் இங்கதான் காயப்போடப் போறேன். அன்னைக்கு அதுங்களை அடைச்சு வை."

"மாட்டேன்" என்றாள் அட்ராக்டா, குழாயைக் காதிலிருந்து எடுக்காமலே.

"கேட்டுப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு டிம்ப்னா கதவை இறுக்கிச் சாத்தினாள், பெட்டிக்குக் காற்று அடிக்காதபடி.